சக்கரம் இறக்கும் பிடி

ஒகுமுரா ஷிகேஜி குளியலறை விற்கிறவர். தொட்டி, சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் பாகம் பாகமாக வார்த்து, வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பூட்டிவிடும் கம்பெனியில் வேலை. தலைமை அலுவலகம் கியோத்தோவில். ஃபுகுவோகா கிளையில் ஆள் போதவில்லை என்று அவரை அங்கே அனுப்பியது கம்பெனி. மூன்று வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பியது. கம்பெனிகள் சொல்கிற மூன்று வருஷம் எவ்வளவு நீளம் என்று முன்னால் போய் வந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனுஷன் கேட்கவில்லை. இது ஆறாவது வருஷம் நடக்கிறது.

மாற்றலானால் ஆம்பிளை மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவது அங்கே காலங்காலமாக உள்ள ஏற்பாடு. மகள் மிசுஹோவுக்கு அப்போது பள்ளிக்கூட நுழைவுத் தேர்வு. அவளை நடுவில் பிடுங்கி வேறு ஊரில் நட முடியாது என்று மனைவி கிமியோ அவளோடு கியோத்தோவிலேயே இருந்துவிட்டாள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சண்டையாவது இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் பேசுவதற்கு விஷயம் இருந்திருக்கும். சாப்பிட்டீங்களா, துணி துவைச்சீங்களா, அங்கே குளிர் எப்படி என்று அவள் கேட்பாள். மிசுஹோ எப்படி இருக்கிறாள் என்று இவர் கேட்பார். மிசுஹோ தோக்கியோவில் கல்லூரிக்குப் போன பிறகு அந்தக் கேள்விக்கும் அவளிடம் பெரிதாகப் பதில் இல்லை. அலுப்பு என்று சொல்ல முடியாது. சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

கம்பெனி எடுத்துக்கொடுத்த வீடு ஒரு பழைய அரசாங்கக் குடியிருப்பில் நான்காவது மாடி. ஃபுகுவோகாவில் விமான நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. பால்கனியில் துணி காயப்போட்டால், தலைக்கு மேலே இறங்கிப் போகிற விமானத்தின் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். குடி வந்த நாளில் கிமியோவும் கூட வந்திருந்தாள், திரைச்சீலை மாட்டவும் அடுக்களையை ஒழுங்குபண்ணவும். விமானத்தில்தான் வந்தார்கள். ஜன்னலோர இருக்கை அவளுக்கு. இறங்கும் நேரத்தில் காலடியில் தடதடவென்று ஒரு சத்தம் வந்ததும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என்ன சத்தம் என்றாள். சக்கரம் இறங்குது என்றார் இவர். அவளுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த தடவை நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்றேன் பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டொரு தடவை வந்தாள், ரயிலில். பிறகு அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் வலி. அது தீர்ந்ததும் இவளுக்கே ஏதோ தையல் வேலை பிடித்துக்கொண்டது. வருவது நின்றது. நின்ற நாள் எது என்று கேட்டால் இரண்டு பேராலும் சொல்ல முடியாது.

விமானப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது முடிவெட்டும் கடையில். எசாக்கி என்கிறவரின் கடை அது. சுவரில் தலைமுடி அழகர்களின் படம் இருக்க வேண்டிய இடத்தில் விமானி அறையின் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எந்த விமானம் என்று ஒகுமுரா கேட்டுவைத்தார். கேட்டதுதான் தாமதம், கழுத்தில் துண்டோடு அவரைக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார் எசாக்கி. தரையில் ஆறு பாய் விரிக்கிற அளவுள்ள அறை ஒன்றில், மரத்தால் கட்டின விமானி அறை நின்றது. இருக்கைகள் இரண்டும் கடையில் ஓய்வுபெற்ற சவர நாற்காலிகள். முன்னால் வானமும் ஓடுபாதையும் காட்டுகிற கணினித் திரைகள், சுற்றிலும் நூற்றுக்கணக்கில் விசைகள். எசாக்கி இயந்திரத்தை முடுக்கி மேலே ஏற்றினார். அறை இம்மிகூட அசையவில்லை, ஆனாலும் ஒகுமுரா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். பாதி வெட்டின தலையோடு ஓகினாவா வரைக்கும் போய்விட்டு வந்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று அன்றைக்கே கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வருஷக்கணக்கில் காத்திருந்தவர் போல எசாக்கி பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல ஒரு மேஜை, ஒரு திரை, ஒரு கைப்பிடி. அதோட நிறுத்திக்கங்க. ஒரு வருஷம் அதுல ஓட்டுங்க. அப்புறமும் ஆசை தீரலைன்னா மரத்துல கை வைக்கலாம். எடுத்த எடுப்புல கூடு கட்டுறவன் பாதியில போட்டுட்டு ஓடிடுவான், நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"கூடுதான் வேணும். ரெண்டு சீட்டு."

"ஒத்தையாளுக்கு எதுக்குங்க ரெண்டு சீட்டு? வலது பக்கம் யாரு உக்காரப் போறா?"

"வீட்டுலேர்ந்து வருவாங்க."

தனியாக மாற்றலாகி வந்த ஆண்கள் பல பேருக்கு முடிவெட்டினவர் எசாக்கி. வீட்டிலிருந்து வருவார்கள் என்கிற பேச்சை நிறையக் கேட்டிருக்கிறார். தன்னுடைய வரைபடச் சுருளை எடுத்துக் கொடுத்தார். ஆறு பாய் அறைக்கானது என்று அதன் மூலையில் எழுதியிருந்தது. ஒகுமுராவின் வீட்டிலும் பெரிய அறை ஆறு பாய்தான். அங்கே அறையின் அளவைப் பாய்க் கணக்கில்தான் சொல்வார்கள், வாடகைப் பத்திரம் வரைக்கும். இங்கேயும் ஆறு, அங்கேயும் ஆறு. கணக்கு முடிந்தது என்று சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வேலை ஆரம்பித்தது. இருக்கைக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போய், நொறுங்கின சின்ன வேன் ஒன்றிலிருந்து இரண்டு இருக்கைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். தனி ஆள் சாயங்காலம் ஒரு பியரோடு தின்பதற்கு வசதியான பண்டம் அரைத்து வேகவைத்த மீன் கட்டி. அது சின்ன மரப்பலகை ஒன்றில் ஒட்டிக்கொண்டு வரும். தின்ற பிறகு அந்தப் பலகையைத் தூக்கியெறிய மனசு வராமல் சேர்த்துவைத்திருந்தார். எதற்கு என்று அதுவரை அவருக்கே தெரியாது. இப்போது ஒவ்வொன்றிலும் துளை போட்டு விசை பொருத்தி, வரிசையாகப் பூட்டினார். விளக்குகளுக்கு ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று. கூர்ந்து முகர்ந்து பார்த்தால் கொஞ்சம் மீன் வாடை வரும். யார் முகரப் போகிறார்கள்.

ரம்பம் போடுவதற்கு முன்னால் கீழ்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவைக்க வேண்டும், அது முறை. கியோத்தோ லவங்கப்பட்டை இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனார். கீழ்வீட்டில் இருந்தவள் தொகுநாகா என்கிற விதவை. பெட்டியை வாங்கிக்கொண்டாள், ஆளையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள விமானம் கட்டுறீங்களாமே, ஒகுமுரா-சான். கட்டி முடிச்சா எந்த ஜன்னல் வழியா வெளிய கொண்டுபோவீங்க?"

வெளியே போகாது, உள்ளேயே இருக்கும் என்றார் அவர்.

"அப்போ ரிட்டயரான நம்ம வீட்டு ஆம்பிளைங்க மாதிரின்னு சொல்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

புத்தாண்டு விடுமுறையில் எசாக்கி கைகொடுக்க வந்தார். துண்டு துண்டாகச் செய்துவைத்ததை எல்லாம் இரண்டு பேருமாக நிறுத்திப் பூட்டினார்கள். இடது பாதி நின்றது. வலது பாதியைக் கொண்டுவந்து ஒட்டினால் சுவர் இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். ஒரு முழம் இடம் போதவில்லை.

எசாக்கி குனிந்து தரையில் கிடந்த பாயைக் கையால் அளந்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"குடியிருப்புப் பாய்ங்க இது! அரசாங்கம் வீடு கட்டும்போது பாயையே சின்னதாக்கிருச்சு. எங்க வீட்டு ஆறு பாயும் இந்த ஆறு பாயும் ஒண்ணா? அளவு எடுத்துதானே பொழைக்கிறீங்க நீங்க?"

ஒகுமுராவின் சட்டைப் பையில் அளவு நாடா இருந்தது. எப்போதும் இருக்கும். ஊரான் வீட்டுக் குளியலறைகளை எல்லாம் அரை விரல் பிசகாமல் அளந்த மனுஷன், தான் படுத்து எழும் அறையை அளக்கவில்லை. முட்டாள்தனம்தான், வேறு என்ன சொல்வது. ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. ஆறு பாய் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது கியோத்தோ வீட்டின் மேற்குப் பக்கத்து அறை. கல்யாணமான நாள் முதல் கிமியோவும் அவரும் படுத்த அறை. அங்கே பாய்கள் பெரியவை, பழைய அளவு. அந்த அறைக்குத்தான் மனசுக்குள் விமானம் கட்டிக்கொண்டிருந்தார், இந்த அறைக்கு அல்ல.

ஒத்தை இருக்கையோடு முடித்துக்கொள்ளச் சொன்னார் எசாக்கி. ஒகுமுரா கேட்கவில்லை. நடுவில் அறுத்து, வலது பாதியை அடுத்த அறையில் நிறுத்தினார், அவர் படுக்கிற சின்ன அறை அது. கம்பிகளை நடைவழியாக, கதவுக்கு அடியில் விட்டு இரண்டு பாதியையும் இணைத்தார். நடுவில் சுவர். வலது பாதிக்குத் திரை கிடையாது, எதிரே வெறும் சுண்ணாம்புச் சுவர்தான். இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இதில் ஒரு சங்கடம் முளைத்தது. அந்த வகை விமானத்தில், சக்கரம் இறக்கும் பிடி துணை விமானியின் கைக்கு எட்டுகிற பக்கம் இருக்கும். அறுத்தபோது அது வலது பாதியோடு போய்விட்டது. ஒகுமுரா சாயங்காலம் வேலைவிட்டு வந்து, ஃபுகுவோகாவிலிருந்து கிளம்பி ஒசாகாவில் இறங்குவார். தினமும் அதே வழிதான். இறங்கும் நேரம் வந்ததும் இடது இருக்கையிலிருந்து எழுந்து, நடைவழியில் ஓடி, அடுத்த அறையில் பிடியை இறக்கிவிட்டு, மறுபடி ஓடிவந்து உட்கார வேண்டும். விமானத்தை நிறுத்திவைத்துவிட்டுப் போகலாம், அதற்கு ஒரு பொத்தான் உண்டு. உண்மையான வானத்தில் நிறுத்திவைக்க முடியுமா என்று எசாக்கி ஒரு தரம் கேட்டுவிட்டார், அதனால் ஓடினார்.

எசாக்கிக்கே பொறுக்கவில்லை. அந்தப் பிடியைக் கழற்றி இடது பாதியில் மாட்டிக்கொள்ளுங்கள், ஒரு தேநீர் குடிக்கிற நேரத்து வேலை என்றார். ஆகாது என்று ஒகுமுரா தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பக்கம் உட்காருகிறவளுக்கு ஒரு வேலை வேண்டுமே. வேறு எந்த விசையும் அவளுக்குப் புரியாது. சக்கரம் புரியும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் குப்பை போடும் இடத்தில் தொகுநாகா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலமானா பக்கத்து ரூமுக்குத் திடுதிடுன்னு ஓடுறீங்களே, யாரு கூப்பிடுறா அங்க?"

யாரும் இல்லை, மன்னிக்க வேண்டும், மெதுவாக நடக்கிறேன் என்று குனிந்து வணங்கினார். அவள் ஒன்றும் கோபமாகக் கேட்கவில்லை. அவர்தான் அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வியைத் தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்தார்.

மார்ச்சில் மாற்றல் ஆணைகள் வந்தன. ஏப்ரல் முதல் கியோத்தோ என்று அவருக்கு வந்தது. ஆணையைக் கையில் வாங்கியதும் அவருக்கு முதலில் தோன்றியது சம்பளமோ பதவியோ அல்ல. மேற்குப் பக்கத்து அறை. பெரிய பாய். அங்கே கூடு முழுசாக நிற்கும். இரண்டு இருக்கையும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் சுவர் இல்லாமல். ஞாயிறு வரைக்கும் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அலுவலக மாடிப்படியில் நின்றே வீட்டுக்குப் பேசினார்.

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வருகிறேன் என்றதும் சத்தம் நின்றது. நல்லவேளை, நல்லவேளை என்று கிமியோ இரண்டு தடவை சொன்னாள். விமானி அறையைப் பற்றி அவளுக்கு அரைகுறையாகத் தெரியும். அதைக் கொண்டுவரப் போவதாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"மேற்குப் பக்கத்து ஆறு பாய் காலியாத்தானே இருக்கு, அம்மா?"

மகள் பிறந்ததிலிருந்து அவர் அவளை அம்மா என்றும் அவள் அவரை அப்பா என்றும்தான் கூப்பிடுவது. அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் எழுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, அந்த அறையில இப்போ பாயே இல்ல. பலகை போட்டாச்சு. மெஷின் காலு பாயில பதியுதுன்னு போன இலையுதிர் காலத்துலயே சொன்னேனே. 'ம், நல்லது'ன்னீங்க."

சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பார். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மீன் பலகையில் துளை போட்டுக்கொண்டிருந்த ஞாயிறாக இருக்கும். பழைய கிமோனோக்களைப் பிரித்துச் சட்டையும் பையும் தைப்பது கிமியோவுக்கு இப்போது தொழிலாகவே ஆகிவிட்டது. வெட்டும் மேஜையே அறையின் நீளத்துக்கு இருக்கிறதாம். கூட வேலை செய்ய இரண்டு பெண்கள் காலையில் வந்துவிடுகிறார்கள். அவள் படுப்பது மாடியில், மிசுஹோவின் பழைய அறையில், ஒத்தைக் கட்டிலில்.

"நீங்க வர்றது சந்தோஷம்தான். நெசமாத்தான் சொல்றேன்" என்றாள். "எங்க படுக்க வைக்கிறதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். விருந்தாளி வருகிறார் என்றால் யோசிக்க மாட்டார்களா, அப்படி. எங்கேயாவது ஒரு மூலை போதும் எனக்கு என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தார். மாடிப்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள், வாழ்த்துச் சொல்லிக்கொண்டே.

அன்று வீட்டுக்கு வந்ததும் திருப்புளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். வலது பாதியிலிருந்து சக்கரப் பிடியைக் கழற்றி இடது பாதியில் மாட்டினார். எசாக்கி சொன்னது சரி, ஒரு தேநீர் நேரம்தான் ஆனது. அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களில் உட்கார்ந்த இடத்திலேயே ஒசாகாவில் இறங்கினார். நன்றாகத்தான் இறங்கினார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அந்தச் சுலபம்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"இப்போ ஓடுற சத்தமே கேக்கலையே, ஒகுமுரா-சான். உடம்புக்கு முடியலையா?" என்று தொகுநாகா படியேறி வந்தே கேட்டாள். கையில் கொஞ்சம் ஊறுகாய் கொண்டுவந்திருந்தாள். நன்றாக இருக்கிறேன் என்றார். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

சாமான் கட்ட உதவிக்குக் கிமியோ வந்தாள், மாதக் கடைசியில், ஒரு மத்தியான ரயிலில். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். தானே தைத்த, பழைய பட்டில் செய்த மேல்சட்டை போட்டிருந்தாள். அவளுக்கு அது பொருந்தியிருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு விமானி அறையின் இடது பாதியைச் சுற்றிப் பார்த்தாள். மீன் பலகைகளைத் தடவினாள். இதை எல்லாம் நீங்களே தின்னீர்களா என்றாள். காய்கறி தின்னக் கூடாதா என்று கோபித்துக்கொண்டாள்.

கூட்டை எசாக்கிக்கே கொடுத்தாயிற்று, மறுநாள் அவர் வேன் கொண்டுவந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிக்காட்டட்டுமா என்று கேட்டார் ஒகுமுரா. நான் எங்கே உட்காருவது என்றாள். வலது பாதி அடுத்த அறையில் இருக்கிறது என்றார். அவள் சிரிக்கவில்லை. போய் உட்கார்ந்தாள்.

வெளியே நல்ல வெயில். இயந்திரம் முழங்கியது, ஃபுகுவோகா கீழே போனது. சுவர் வழியாகக் கிமியோவின் குரல் வந்தது.

"அப்பா, எனக்குச் சுவருதான் தெரியுது."

தெரிவதை எல்லாம் நான் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது கடல். இப்போது தீவுகள், நிறையத் தீவுகள். மேகம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் மலை. அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நம் வீடு தெரியுமா என்றாள். கியோத்தோவில் விமான நிலையம் கிடையாதே, ஒசாகா வரைக்கும்தான் போக முடியும் என்றார். அது அவளுக்கும் தெரியும்.

ஒசாகா நகரத்தின் மேல் விமானத்தை வளைத்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"இங்க ஒரு ஓட்டை இருக்கு. சுத்தி நாலு ஆணித் தடம். என்ன இருந்துச்சு இங்க?"

"சக்கரம் இறக்குற பிடி."

"இப்போ எங்க?"

"இந்தப் பக்கம் மாத்திட்டேன்."

"எதுக்கு?"

ஓடுபாதை தூரத்தில் தெரிய ஆரம்பித்திருந்தது. கண்ணை எடுக்க முடியாது. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"உனக்குன்னுதான் அங்க வச்சிருந்தேன். நீ வரல. ஒத்தையா ஓட்டுறவனுக்குக் கைக்கு எட்ட வேணாமா?"

அவர் குரலில் கோபம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கை கிறீச்சிட்டது. எழுந்து போய்விட்டாளோ என்றுகூட நினைத்தார். ஓடுபாதை கிட்டே வந்துகொண்டிருந்தது.

"நானும் அதைத்தான் செஞ்சேன், அப்பா" என்றாள் கிமியோ. "எனக்கும் எல்லாம் கைக்கு எட்ட வேண்டியிருந்துச்சு."

சொல்ல இருந்ததெல்லாம் அவள் சொல்லிவிட்டாள். கையை நீட்டிப் பிடியை இறக்கினார். இரண்டு அறையிலும் வைத்திருந்த ஒலிபெருக்கிகளில் தடதடவென்று அந்தச் சத்தம் எழுந்தது.

"சக்கரம்" என்றாள் அவள், அவர் சொல்வதற்கு முன்னால்.

அவருடைய இடது கை கைப்பிடியில் இருந்தது. வலது மணிக்கட்டு சும்மா இருந்தது. பிடித்துக்கொள்ள யாருக்கும் எட்டாது, நடுவில் சுவர் இருந்தது.